ஏறுகல்

1992-ஆம் வருடம் ஆடி மாதம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. வேளாண்மைக்கு இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டே பேச்சுதான். ஒன்று பணம். அது அப்பாவின் பாடு, எங்கெங்கோ சொல்லிப் புரட்டினார். இன்னொன்று சைக்கிள். அதை என்னோடு கொண்டுபோவதா, வீட்டிலேயே விட்டுப்போவதா என்று முடிவு செய்யப் பதினெட்டு நாள் ஆனது.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிக்குக் கிழக்கே ஐந்து கிலோமீட்டர். செம்மண் பூமி. கடலையும் பலாவும் பூவும் விளையும். வீட்டில் இருந்தது ஒரே சைக்கிள்: கறுப்பு ஹெர்குலிஸ், பெரிய கேரியர், டைனமோ லைட், செயினை முழுசாக மூடிய கவர். அப்பா அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். சீட்டுப் பிடித்து அவர் அதை வாங்கியபோது நான் ஐந்தாம் வகுப்பு. குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டேன். கால் எட்டிய பிறகு நான்கு வருடம் ஆலங்குடி மேல்நிலைப் பள்ளிக்கு அதில்தான் போய்வந்தேன். அப்பா டவுன் பஸ்ஸுக்கு மாறிக்கொண்டார். சைக்கிள் என்னுடையது என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பக்கத்து ஊர் அண்ணன் ஒருவர் அதே பல்கலைக்கழகத்தில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுதிக் கேட்டேன். இன்லண்டு கடிதத்தில் சின்னப் படம் ஒன்று வரைந்து அனுப்பினார். நடுவில் ரயில் பாதை. அதற்கு மேற்கே சிதம்பரம் ஊர், நாலு கோபுரம், நாலு வீதி. கிழக்கே முழுவதும் பல்கலைக்கழகம். "ஊருக்குள்ளே ஒரு ஊர் மாதிரி இருக்கும். வேளாண்மைப் பிள்ளைகளுக்கு வயல் வேலை உண்டு, விடியற்காலையில் போகணும். சைக்கிள் இருந்தால் தேவலை. இல்லையென்றாலும் நடக்கலாம். புதுசு மட்டும் வாங்கிக்கொண்டு வராதே" என்று எழுதியிருந்தார்.

அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை. 'இருந்தால் தேவலை' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். "அம்மாம் பெரிய எடத்துல சைக்கிள் இல்லாத பய காலைக் கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டி மாதிரிதான்" என்றார் மாமா. அப்பாவுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் ஒரு சொந்தம் இருந்தது. 1929-ல் அதை ஏற்படுத்திய ராஜா சர் அண்ணாமலை செட்டியார் கானாடுகாத்தான்காரர். "நம்ம பக்கத்து ஆளு கட்டுன காலேஜு. அங்க போறவன் குறையோட போகக் கூடாது" என்றார்.

அவர் கணக்குப்பிள்ளை. எதையும் எழுதித்தான் பார்ப்பார். நாட்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பஸ்ஸில் கொண்டுபோனால் புதுக்கோட்டை, தஞ்சாவூர், மாயவரம் என மூன்று இடத்தில் வண்டி மாற வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் பஸ் கூரை மேல் ஏற்றுகூலி, இறக்குகூலி, லக்கேஜ் டிக்கெட். அங்கே போனதும் நல்ல பூட்டு ஒன்று. மாதம் ஒரு பஞ்சர். ஆறு மாதத்துக்கு ஒரு ஓவர் ஆயில். அதற்கு எதிரே இன்னொரு பத்தி: அங்கே புது சைக்கிள் வாங்கினால் ஆயிரத்துக்கு மேல். கூட்டிப் பார்த்து, "இதையே கொண்டுபோறதுதான் கட்டுப்படி" என்று முடித்தார். அம்மா அடுப்படியில் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா சொல்லாமல் இருந்ததற்குள் என்ன இருந்தது என்று விளங்க, அதற்கு முந்தைய ஒரு வருடத்தைச் சொல்லியாக வேண்டும்.

1991-ல் எங்கள் மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்தது. அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு தொண்டராகச் சேர்ந்தார். எங்கள் வீட்டுத் திண்ணையில் அரிக்கேன் விளக்கு வைத்துப் பன்னிரண்டு பெண்களுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தார். சம்பளம் கிடையாது. அந்த இயக்கத்தில் எழுத்தோடு சேர்த்து இன்னொன்றையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அது சைக்கிள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை முன்னின்று நடத்தினார். காரணம் எளிமையானது. பாடம் நடத்தப் பக்கத்து ஊருக்குப் போவதற்குக்கூட ஒரு பெண் தொண்டர் அண்ணனையோ கணவரையோ எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்தது. தானே போய்வரத் தெரியாதவளுக்கு எழுத்து மட்டும் தெரிந்து எவ்வளவு தூரம் போய்விட முடியும்?

அம்மாவுக்கு அப்போது முப்பத்தேழு வயது. பள்ளிக்கூட மைதானத்தில் எங்கள் ஹெர்குலிஸில்தான் கற்றுக்கொண்டார். ஓட்டுவது அவருக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. ஏறுவதுதான் வரவில்லை. ஆண்கள் சைக்கிள் அல்லவா, நடுவில் பார். புடவையோடு காலைத் தூக்கிப் போட முடியாது. அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தி, கல்மேல் ஏறி, அங்கிருந்து சீட்டில் உட்கார்ந்து, காலால் கல்லை உந்தித் தள்ளுவார். வண்டி போய்விடும். இறங்குவதும் அப்படியே, ஏதாவது ஒரு மேடு பார்த்துத்தான். எங்கள் ஊரிலிருந்து ஆலங்குடி வரைக்கும் எந்தெந்த இடத்தில் கல் இருக்கிறது என்று அம்மாவுக்கு மனப்பாடம். புளியமரத்தடியில் ஒன்று, அய்யனார் கோயில் திருப்பத்தில் ஒன்று, வாய்க்கால் பாலத்துச் சுவர், அப்புறம் ஐந்தாவது கிலோமீட்டர் கல். வழியில் யாராவது கூப்பிட்டால் உடனே நிற்க மாட்டார். அடுத்த கல் வந்த பிறகுதான் நின்று பேசுவார்.

1992 மார்ச் 8, மகளிர் தினம், ஞாயிற்றுக்கிழமை. புதுக்கோட்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். கைப்பிடியில் கொடி, தெருவெல்லாம் மணிச்சத்தம். எங்கள் ஊரிலிருந்து அம்மாவும் இன்னும் ஆறு பெண்களும் விடியுமுன்னே கிளம்பினார்கள். அப்பாவோ நானோ கூட இல்லாமல் அம்மா புதுக்கோட்டைக்குப் போனது அதுதான் முதல் தடவை. எனக்குப் பிளஸ் டூ பரீட்சை நேரம், வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தேன். இருட்டிய பிறகு வந்தார்கள். அம்மா முகம் வெயிலில் கறுத்திருந்தது. "எம்புட்டுப் பொம்பளைங்கடா" என்று மட்டும் சொன்னார். அதையே இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் மாவட்டத்துக் கடைகளில் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பெண்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. தண்ணீர்க் குடம், விறகு, கடலை மூட்டை எல்லாம் கேரியரில் ஏறின. எங்கள் வீட்டில் ஏறியது பூ. எங்களுக்குக் கொஞ்சம் மல்லிகைத் தோட்டம் இருந்தது. தரகர் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டு அவர் சொன்ன விலையைத்தான் கொடுப்பார். சைக்கிள் ஓட்டத் தெரிந்த பிறகு அம்மா விடியற்காலையில் பூவைக் கூடையில் கட்டிக் கீரமங்கலம் பூச்சந்தைக்குத் தானே கொண்டுபோக ஆரம்பித்தார். நான் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் திரும்பிவிடுவார். ஒரே சைக்கிள் எங்கள் இரண்டு பேருக்கும் இடிக்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

இவ்வளவும் என் கண்ணெதிரே நடந்ததுதான். இருந்தும் அப்பா கணக்குப் போட்ட தாளில் அம்மாவுக்கு ஒரு வரி இல்லை என்பது எனக்கும் தோன்றவில்லை. படிக்கப் போகும் பையனுக்குச் சைக்கிள் என்பது அவ்வளவு இயல்பான பேச்சாக இருந்தது.

கிளம்புவதற்கு நாலு நாள் முன்பு, சைக்கிளை ஆலங்குடியில் ஓவர் ஆயிலுக்கு விடலாம் என்று வாசலில் போட்டுக் கழற்றினேன். சீட்டு கொஞ்சம் கிறீச்சிட்டது. போல்ட்டைத் தளர்த்திச் சீட்டை உயரத் தூக்கினேன். சீட்டுக்குக் கீழே இருக்கும் கம்பியைச் சுற்றி இரண்டு கோடுகள் தெரிந்தன. போல்ட் இறுக்கிப் பிடித்த தடம். கீழே ஒன்று, பழையது, அழுத்தமானது. அது என் உயரம். அதிலிருந்து நாலு விரற்கடை மேலே இன்னொன்று, பளபளவென்று புதிதாக.

கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அம்மா என்னைவிடக் குட்டை. ஒவ்வொரு நாளும் இருட்டில் எழுந்து, ஸ்பேனர் போட்டுச் சீட்டை இறக்கி, பூக்கூடையைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். திரும்பி வந்ததும் மறுபடியும் ஸ்பேனர் போட்டு என் உயரத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறார். நாலைந்து மாதமாக. அவ்வளவு நாளும் நான் ஏறி உட்காரும்போது சீட்டு என் உயரத்தில்தான் இருந்தது. ஒருநாள்கூட ஒரு விரற்கடை கூடக் குறையவில்லை. அது தானாக அப்படி இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, "சைக்கிள் வேண்டாம்ப்பா. இங்கயே இருக்கட்டும்" என்றேன்.

அம்மாதான் முதலில் மறுத்தார். "எனக்கென்னய்யா, இத்தனை நாளு நடந்தவதானே, நடந்துக்குவேன். நீ படிக்கப் போற புள்ள."

"பூவை எப்படிம்மா கொண்டுபோவ?"

"தரகர் வருவாருல்ல."

அப்பா சாப்பாட்டில் கை வைத்தபடி இருந்தார். எழுந்து கை கழுவிவிட்டு, மாடத்தில் செருகியிருந்த அந்த நாட்காட்டித் தாளை எடுத்தார். கூட்டல் போட்டு முடித்திருந்த இடத்துக்குக் கீழே 'பூ' என்று எழுதினார். தரகர் கொடுத்த விலை, சந்தை விலை, இரண்டையும் அம்மாவிடம் கேட்டுக்கேட்டு எழுதினார். மாதத்துக்குப் பெருக்கினார். பெருக்கி முடித்ததும் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சைக்கிளை நான் கொண்டுபோனால் என் சாப்பாட்டுச் செலவில் பாதிக்கு வழியில்லை. "இது எனக்குத் தோணலையே" என்றார், அம்மாவைப் பார்த்து. அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் ஓவர் ஆயில் முடிந்து வந்ததும் சீட்டை அம்மாவின் கோட்டுக்கு இறக்கி, இனி அசையாதபடி போல்ட்டை இறுக்கினேன். ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு தலையணை மூட்டையுமாகச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன்.

சைக்கிள் இல்லாத முதல் வருடம் சுகமாக இருந்தது என்று சொன்னால் பொய். செய்முறை வகுப்புக்குக் காலையில் வெள்ளென வயலில் நிற்க வேண்டும். நான் விடுதியிலிருந்து அரை மணி முன்னால் கிளம்புவேன். கூடப் படிக்கிறவர்கள் மணி அடித்துக்கொண்டு தாண்டிப் போவார்கள். சில பேர் நிறுத்தி ஏற்றிக்கொள்வார்கள். எங்கள் விடுதியில் டபுள்ஸுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சைக்கிள்காரன் பின்னால் உட்கார வேண்டும், ஓசியில் வருகிறவன்தான் மிதிக்க வேண்டும். அப்படி மிதித்து மிதித்தே பாதி வகுப்பின் சைக்கிள் எனக்குப் பழகிவிட்டது. எதில் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது, எதில் சக்கரம் கோட்டம் என்றெல்லாம் சொல்லிவிடுவேன்.

நடந்ததில் ஆதாயமும் இருந்தது. நான் செம்மண்ணில் பிறந்தவன். காவிரிப் பாசனத்தின் கடைமடைக் களிமண் எனக்குப் புதிது. வரப்போரமாகத் தினமும் நடந்ததால்தான் அந்த மண் வெயிலில் எப்படி வெடிக்கிறது, நட்ட நாற்று மூன்றாம் நாள் எப்படி நிறம் மாறுகிறது, நண்டு எந்த இடத்தில் வரப்பைத் துளைக்கிறது என்று பார்த்தேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் சைக்கிள்காரர்கள் பாடு திண்டாட்டம். களிமண் டயரில் ஒட்டி மட்கார்டுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். சக்கரம் சுற்றாது. குச்சியால் நோண்டி எடுத்து நாலடி உருட்டினால் மறுபடி அடைத்துக்கொள்ளும். கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த இரண்டு மாதமும் எல்லோரும் என்னைப் போல நடந்தவர்களே.

தூரம் போக வேண்டுமானால் வாடகை சைக்கிள் இருந்தது. மணிக் கணக்கு. கடைக்காரர் நோட்டில் பேர், விடுதி, எடுத்த நேரம் எழுதிக்கொள்வார். பின் மட்கார்டில் நம்பர் பெயின்ட்டில் எழுதியிருக்கும். முதல் வருடம் தைப்பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும், எட்டுப் பேர் சேர்ந்து வாடகை சைக்கிளில் பிச்சாவரம் போனோம். பதினைந்து கிலோமீட்டர் போல இருக்கும், மேடே இல்லாத சமதரை. அங்கேதான் தில்லை மரத்தை முதலில் பார்த்தேன். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்தது அந்த மரத்தால். இன்று ஊருக்குள் அதைத் தேட வேண்டும், பிச்சாவரம் சதுப்பில் சுரபுன்னையோடு நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் எரியும் என்று படகுக்காரர் எட்ட நிறுத்திக் காட்டினார். அந்த ஒரு நாளுக்கு எனக்குச் சைக்கிள் வேண்டியிருந்தது, கடையில் கிடைத்தது. வருடம் முழுக்க என் சைக்கிளாக அது விடுதி வாசலில் நிற்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மூன்றாம் ஆண்டில் வயல் வேலை கூடியது. அப்போது படிப்பு முடித்துப் போகும் சீனியர் ஒருவரிடம் முந்நூறு ரூபாய்க்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். அவர் அதை அவருடைய சீனியரிடம் வாங்கியவர். பெயின்ட் உரிந்து, பின் மட்கார்டின் உள்பக்கம் ஆணியால் கீறிய நாலு பேர் இருந்தன. அதற்கு மேல் என் பேரையும் கீறினேன். 1996-ல் நான் வெளியேறும்போது ஒரு ஜூனியரிடம் இருநூற்றைம்பதுக்குக் கொடுத்தேன். அந்த சைக்கிள் பல்கலைக்கழகத்தை விட்டு எந்த ஊருக்கும் போனதில்லை. ஒருவன் போகும்போது இன்னொருவன் கைக்கு வரும், அவ்வளவுதான். 'புதுசு வாங்கிக்கொண்டு வராதே' என்று அந்த அண்ணன் எழுதியதன் பொருள் எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

அந்த நாலு வருடமும் ஊரில் ஹெர்குலிஸ் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மாதம் ஒரு கடிதம் எழுதுவார். பெரிய பெரிய எழுத்தில், வரி கோணலாக. 'பின் டயர் மாத்தியாச்சு.' 'தங்கச்சி ஆலங்குடிப் பள்ளிக்கு சைக்கிள்ல போறா.' 'வடக்குத் தெருவுல நாலு பேருக்கு ஓட்டப் பழக்கிட்டேன்.' எனக்கு வந்த மணியார்டர் ஒவ்வொன்றிலும் பூக்காசு இருந்தது. எங்கள் தெருவில் பெண்பிள்ளைகளில் பிளஸ் டூ முடித்த முதல் ஆள் என் தங்கை. ஊருக்குள் ஐந்தாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் படிக்க அந்த ஐந்து கிலோமீட்டரைத் தாண்டியாக வேண்டும். பள்ளி நேரத்துக்கு பஸ் கிடையாது.

பின்னாளில் அரசாங்கமே பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. தங்கையின் மகள் பிளஸ் ஒன் சேர்ந்து அப்படி ஒரு சைக்கிளை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தபோது அம்மாவுக்கு அறுபது வயது. பிள்ளையை ஏறி உட்காரச் சொல்லி, கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்து, அம்மாதான் ஸ்பேனர் எடுத்துச் சீட்டைச் சரிசெய்தார்.

இப்போது நான் வேளாண்மைத் துறையில் இருக்கிறேன். கல்லூரியில் சேரப்போகும் பிள்ளைகளின் பெற்றோர் சில பேர் கேட்பார்கள்: "வண்டி ஒன்று வாங்கிக் கொடுத்து அனுப்பட்டுமா? வீட்டில் இருப்பதைக் கொடுத்து அனுப்பட்டுமா?" சைக்கிளோ ஸ்கூட்டரோ, நான் சொல்வது ஒன்றுதான். கல்லூரி எவ்வளவு பெரிசு என்று விசாரிப்பதற்கு முன்னால், அந்த வண்டியை வீட்டில் இன்னும் யார் யார் ஓட்டுகிறார்கள் என்று எண்ணுங்கள். அது போய்விட்டால் யார் நடக்க வேண்டியிருக்கும், யாருடைய வேலை நிற்கும், யார் மறுபடி இன்னொருவரை எதிர்பார்த்து நிற்பார்கள் என்று பாருங்கள். அவர்களே வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். பிள்ளை ஒரு பருவம் நடக்கட்டும். இடம் பழகட்டும். வேண்டும் என்றே ஆகிவிட்டால், போகிற சீனியர் ஒருவரிடம் பழைய சைக்கிள் இல்லாமல் போகாது.

எங்கள் ஹெர்குலிஸ் இப்போது கொல்லையில் நிற்கிறது. சீட்டு அம்மாவின் கோட்டில்தான் இருக்கிறது, 1992-க்குப் பிறகு அதை யாரும் உயர்த்தவில்லை. நான் சிதம்பரம் போன மறுமாதம் அம்மா துவைகல் மாதிரி ஒரு கல்லைக் கொண்டுவந்து வாசலில் போடச் சொன்னாராம், ஏறி இறங்க. எங்கள் தெருவில் சிமென்ட் ரோடு போட வந்தவர்கள் அதைப் பெயர்த்துப் போடட்டுமா என்று கேட்டார்கள். அம்மா வேண்டாம் என்றார். கல் இன்னும் அங்கேயே இருக்கிறது.